ஏழாம் இடத்துத் தண்ணீர்

ஆகஸ்ட் 6, ஞாயிறு

இந்த டைரி என் வீட்டுக்காரர் வேலை பார்க்கும் கூட்டுறவு வங்கியில் ஜனவரியில் கொடுத்தது. ஏழு மாதமாக மிக்ஸிக்கு அடியில் ஆடாமல் இருக்க முட்டுக் கொடுத்து வைத்திருந்தார். அதை உருவி எடுத்து நான் எழுத ஆரம்பித்திருக்கிறேன். மிக்ஸி ஆடினால் ஆடட்டும்.

நாளை ஆற்று ரவுண்டு. மாதத்தின் முதல் திங்கள் என்றால் தாழையாறு. தலைப்பு மதகிலிருந்து கடல்வாய் வரை பன்னிரண்டு இடங்கள், பன்னிரண்டு கேன்கள், அவற்றோடு ஆக்சிஜன் பார்க்கும் கண்ணாடி பாட்டில்கள். லேபில் நான்கு பேர் இருந்தும் லேபிள் எழுதுவது என் தலையில்தான், கையெழுத்து அழகாக இருக்கிறதாம். அழகான கையெழுத்துக்குக் கிடைத்த தண்டனை. மதியம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து லேபிள் எல்லாம் எழுதி முடித்தேன். களப் பதிவேட்டிலும் நாளைய பக்கத்தை நிரப்பியாயிற்று. தேதி, இடம், நேரம், நீரின் வெப்பம் 28.5. நாளை ஜீப்பில் குலுங்கிக்கொண்டு எழுதினால் கோழி கிளறியதுபோல் இருக்கும்.

இட்லிக்கு ஊறப்போட்டேன். சிலிண்டர் தீர்ந்துவிடும் போலிருக்கிறது.

ஆகஸ்ட் 7, திங்கள்

இன்று ஒருத்தி என் வாயைக் கிளறினாள். இன்னும் எரிகிறது.

கீழத்தாழை பாலத்தில் ஜீப்பை நிறுத்திவிட்டு, டிரைவர் சவரிமுத்து அண்ணன் வழக்கம்போல் பீடியோடு இறங்கினார். நான் கயிற்று வாளியைக் கைப்பிடிச் சுவருக்கு மேலாக விட்டேன். கீழே ஆற்றில் ஏழெட்டுப் பெண்கள் கழுத்தளவுத் தண்ணீரில் மண்டியிட்டு, கையால் சேற்றைத் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். இறால் போடும் ஓலைப் பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள், இரண்டு கையும் வேலைக்கு வேண்டுமே. அதில் ஒருத்தி கயிற்றை வாயிலிருந்து எடுத்துவிட்டு மேலே பார்த்தாள்.

"ஏம்மா பாட்டிலம்மா, வருசக்கணக்கா இங்கேயே மொண்டுகிட்டுப் போறீங்களே, இந்தத் தண்ணிக்கு என்னா கேடு? வடிகாலுக்கு அந்தாண்ட வந்து மொள்ளுங்க பாப்பம்."

"எங்க எடுக்கணும்னு எங்களுக்குத் தெரியும்மா. நீங்க உங்க வேலையப் பாருங்க."

"என் வேலையே அங்கதான் இருந்துச்சு. அங்க ஒண்ணும் மிச்சமில்லன்னுதான் இத்தினி பேரும் இங்க வந்து முட்டிக்கிறோம். சீல கசங்காம மேல நின்னு வாளி வுடுறவங்களுக்கு அது எங்க தெரியப்போவுது."

மற்றவர்கள் சிரித்தார்கள். சவரிமுத்து அண்ணனும் சிரித்தார், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அவள் பெயர் காத்தாயி என்று அவர்தான் சொன்னார்.

எங்கள் பட்டியலில் ஏழாம் இடம், "பாலத்துக்குக் கீழே அறுநூறு மீட்டர், வடிகால் சேருமிடத்தைத் தாண்டி" என்றுதான் இருக்கிறது. அதற்கு ரோடு கிடையாது. கருவேல முள், முழங்கால் சேறு. பாலத்தில் எடுத்தால் என்ன, அங்கே எடுத்தால் என்ன. ஒரே ஆறுதானே.

ஒன்றரை மணிக்கெல்லாம் லேபுக்குத் திரும்பிவிட்டோம்.

ஆகஸ்ட் 8, செவ்வாய்

ஏழாம் இடம்: ஆக்சிஜன் 6.2. மிக நன்று. சீல கசங்காமலாம்.

ஆகஸ்ட் 11, வெள்ளி

லேப் மேனேஜர் குணசீலன் சார் இன்று நல்ல சந்தோஷத்தில் இருந்தார். கீழத்தாழைக்காரர்கள் வருவாய்க் கோட்ட ஆர்.டி.ஓ.விடம் மனு கொடுத்திருக்கிறார்களாம். அங்கே வடிகால் ஓரமாக இருக்கிற இறால் பண்ணை இன்னும் நாற்பது ஏக்கர் விரிவாக்கம் கேட்டிருக்கிறது. பண்ணைக் கழிவு வடிகால் வழியாக ஆற்றில் விழுகிறது, அந்தத் தண்ணீர்தான் எங்கள் குளத்தில் ஏறுகிறது, குளித்தால் புண் வருகிறது, விரிவாக்கம் கூடாது என்று மனு. விசாரணைக்காக ஆறு வருட நீர்த்தர அறிக்கையைக் கேட்டிருக்கிறார்கள். மாதம் ஒன்றாக எழுபத்திரண்டு அறிக்கை.

"நம்ம ரெக்கார்டு பக்காவா இருக்கு மங்கை. எழுபத்திரண்டு மாசமும் நார்மல். ஒரே நாள்ல மனுவ முடிச்சுடுவாங்க. மொத்தத்தையும் கட்டி அனுப்பிடுங்க."

கட்டினேன். ஒவ்வொன்றின் அடியிலும் "பகுப்பாய்வாளர்: ம. மங்கையர்க்கரசி" என்று என் கையெழுத்து. எழுபத்திரண்டு முறை என் பெயரை நானே பார்த்தேன். கையெழுத்து உண்மையிலேயே நன்றாகத்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

மோட்டார் ரிப்பேர். வீடு முழுக்கத் தண்ணீர் இல்லை. எதிர்வீட்டில் நான்கு குடம் பிடித்து வந்தேன்.

வடிகாலுக்கு அந்தாண்ட வந்து மொள்ளவேண்டுமாம். நான் வராத இடமா? படிக்கிற காலத்தில் கொள்ளிடக் கரையில் பதினைந்து கிலோமீட்டர் நடந்து சாம்பிள் எடுத்தவள் நான். அவளுக்குத் தெரியாது.

ஆகஸ்ட் 16, புதன்

அரை நாள் லீவு போட்டேன். தலைவலி என்று காரணம் எழுதினேன். பாட்டில்களையும் சோதனை மருந்துகளையும் ஐஸ் பெட்டியில் வைத்து, ஸ்கூட்டியில் பாலம் வரை போனேன். பெரிய சேவை செய்யப் போனேன் என்று நான் சொல்லிக்கொள்ள மாட்டேன். அவள் வாயை அடைக்கத்தான் போனேன்.

காத்தாயி கரையில் இறால் பிரித்துக்கொண்டிருந்தாள். என் வயதுதான் இருக்கும், நாற்பதுக்கு ஒன்றிரண்டு முன்பின்.

"வந்துட்டன். எந்தப் பக்கம் வழி?"

அவள் என் செருப்பைப் பார்த்தாள். பிறகு ஐஸ் பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு முன்னே நடந்தாள். செருப்பு பத்தாவது அடியிலேயே சேற்றோடு போயிற்று. அறுநூறு மீட்டருக்கு முக்கால் மணி நேரம் ஆனது.

வடிகால் சேரும் இடத்துக்கு முன்பே நாற்றம் வந்துவிட்டது. டீ நிறத்தில் நுரையோடு தண்ணீர் வந்து விழுந்துகொண்டிருந்தது. பண்ணையில் குட்டைகளை இறைத்து விடுகிறார்களாம், வாரத்துக்கு இரண்டு மூன்று முறை. அதற்குக் கீழே ஆறு அசையாமல் கிடந்தது. ஒரு குஞ்சு மீன் இல்லை, ஒரு கொக்கு இல்லை.

ஆக்சிஜன் சோதனையில் ஒரு வசதி உண்டு. லேபுக்குப் போகுமுன்பே பாட்டில் பாதி பதிலைச் சொல்லிவிடும். இரண்டு மருந்தை விட்டுக் குலுக்கினால், தண்ணீரில் ஆக்சிஜன் இருந்தால் பழுப்பாகத் திரியும். இல்லாவிட்டால் வெள்ளை. இத்தனை வருடத்தில் நான் பழுப்பைத் தவிர வேறு பார்த்ததில்லை. இன்று முதல் பாட்டில் வெள்ளை. மருந்து கெட்டுவிட்டது என்று நினைத்தேன். இரண்டாவது வெள்ளை. மூன்றாவது பாட்டிலைத் தூக்கி வெயிலில் பிடித்து, கொஞ்சமாவது பழுப்பு தெரியாதா என்று கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தேன். அதுவும் வெள்ளைதான்.

"என்னா சொல்லுது பாட்டிலு?" என்றாள்.

"மருந்துல ஏதோ கோளாறுன்னு நெனக்கிறன்."

"மருந்துலயா," என்றாள். இரண்டு கையையும் என் முகத்துக்கு நேரே நீட்டினாள். விரல் இடுக்கெல்லாம் வெந்ததுபோல் தோல் உரிந்து, சிவந்து இருந்தது. "போன மாசம் ஒரு நா ஆசப்பட்டு இங்க எறங்குனன். இன்னும் சோறு பெசஞ்சு தின்ன முடியல. கரண்டியாலதான் திங்கிறன்."

வரும் வழியில் அதே மருந்தைக் கொண்டு பாலத்தடியில் ஒரு பாட்டில் எடுத்தேன். நல்ல பழுப்பு. மருந்தில் கோளாறு இல்லை.

ஆகஸ்ட் 17, வியாழன்

0.7, 0.6, 0.8. அம்மோனியா வரம்பைப்போல் ஒன்பது மடங்கு. பாலத்தடி 6.1. நாலுக்குக் கீழே போனாலே மீன் திணறும்.

எடுத்துக்கொண்டு நேரே குணசீலன் சாரிடம் போனேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. காகிதத்தைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றினார், கதவைச் சாத்தச் சொன்னார்.

"யாரு உங்கள அங்க போகச் சொன்னது?"

"பட்டியல்ல அந்த இடம்தான் சார் இருக்கு."

"பட்டியல்ல இருக்கும்மா. ஆறு வருசமா இருக்கு. இன்னிக்குத்தான் கண்ணுல பட்டுச்சா?"

காகிதத்தை இன்னும் கொஞ்சம் அவர் பக்கம் தள்ளினேன்.

"சரி, இத அனுப்புவோம்னே வைங்க. என்ன கேப்பாங்க? போன வாரம் ஆறு புள்ளி ரெண்டு, இந்த வாரம் சைபர் புள்ளி ஏழு. ஒரே வாரத்துல ஆறு செத்துப்போச்சான்னு கேப்பாங்க. பாட்டில் சரியா கழுவலன்னு சொல்லித் தள்ளிடுவாங்க. இந்த ஒரு நம்பர் அந்த எழுபத்திரண்டு நம்பர ஜெயிக்காதும்மா. ஜெயிக்கணும்னா அந்த எழுபத்திரண்டும் தப்புன்னு ஒருத்தர் எழுந்து சொல்லணும். யாரு சொல்வா?"

பிறகு செப்டம்பரில் என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவேண்டியதை ஞாபகப்படுத்தினார். மிரட்டலாகச் சொல்லவில்லை, மாத்திரை சாப்பிட்டாயா என்று கேட்பதுபோல் அக்கறையாகச் சொன்னார். அதுதான் கோபமாக வந்தது.

நான் சேர்ந்த புதிதில், ரோடு எங்கே முடிகிறதோ அங்கிருந்து இறங்கி நடந்துதான் சாம்பிள் எடுக்கவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவர் இவர்தான். அதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 18, வெள்ளி

அறிக்கையை அனுப்பியே ஆகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். "தனி மாதிரி, ஒருமுறை மட்டும் எடுக்கப்பட்டது" என்ற குறிப்போடு அனுப்ப ஒப்புக்கொண்டார். எழுபத்திரண்டோடு சேர்ந்து எழுபத்து மூன்றாவதாக அது போகிறது. என் கடமை முடிந்தது. இனி அவர்கள் பாடு.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

காலையில் அவர் மோட்டார்க்காரன் நம்பரைத் தேடிக்கொண்டிருந்தார். நான் களப் பதிவேட்டின் பின் அட்டையில் எழுதி வைத்திருந்தேன். அதைப் புரட்டிக்கொண்டே வந்தவர் கேட்டார்.

"ஏன் மங்கை, எல்லாப் பக்கத்துலயும் இருபத்தெட்டரைன்னே இருக்கு?"

"அது தண்ணியோட சூடு."

"மார்கழியிலயும் இருபத்தெட்டரையா?"

"உங்களுக்கு என்ன தெரியும் அதப்பத்தி? பேங்க்ல நீங்க என்ன பண்றீங்கன்னு நான் வந்து கேக்கறனா?" என்று கத்தினேன். அவர் பதிவேட்டை மூடி வைத்துவிட்டு, "கேட்டா சொல்லுவேன்" என்றார். சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். சாம்பார் தீய்ந்துவிட்டது. அதையே இருவரும் சாப்பிட்டோம்.

பிறகு எல்லாப் பக்கத்தையும் நானும் பார்த்தேன். சித்திரை மத்தியானம் 28.5. புயல் அடித்த மாதம் 28.5. எனக்கு அம்மை போட்டு இருபது நாள் படுக்கையில் கிடந்தேனே, அந்த மாதமும் 28.5, என் கையெழுத்தோடு.

தெர்மாமீட்டர் நான் சேர்ந்த புதிதிலேயே உடைந்துவிட்டது. அதற்கு நான் மட்டுமா பொறுப்பு. எத்தனை முறை எழுதிக் கேட்டேன்.

இரண்டு முறை.

ஆகஸ்ட் 23, புதன்

கீழத்தாழைக்குப் போனேன். நல்ல செய்தி சொல்லலாம் என்றுதான். புது அறிக்கை போயிருக்கிறது, அதில் உண்மை இருக்கிறது என்று காத்தாயியிடம் சொன்னேன். குளக்கரையில் நின்று பேசினோம். குழாய்த் தண்ணீர் அவர்கள் தெருவுக்கு வாரம் இருமுறைதான். குடிப்பதற்கும் சமைப்பதற்கும் அது சரியாகிவிடும். குளிக்க, துவைக்க, மாட்டுக்கு எல்லாம் இந்தக் குளம்தான். ஆற்றிலிருந்து மதகு வழியாக ஏறுகிறது. மதகு எங்கே இருக்கிறது என்று கேட்டேன். வடிகாலுக்குக் கீழே.

ஒரு சிறுமி படியில் உட்கார்ந்து காலைச் சொறிந்துகொண்டிருந்தாள். காத்தாயியின் மகளாம்.

"அப்ப இதுக்கு முன்னாடி நல்லாருக்கு நல்லாருக்குன்னு எழுதுனது யாரு?" என்று காத்தாயி கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"லேப்ல," என்றேன்.

"லேபுன்னா?"

"ஆபீஸ்."

லேப் என்றால் நானும்தான். ஆனால் நான் மட்டும் இல்லையே. அப்படிச் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 28, திங்கள்

வெள்ளிக்கிழமை கீழத்தாழை பள்ளிக்கூடத்தில் கள விசாரணை. லேப் சார்பில் நான் போகவேண்டுமாம். "கேட்டா மட்டும் பதில் சொல்லுங்க" என்றார் சார். சிலிண்டர் வந்தது.

ஆகஸ்ட் 31, வியாழன்

பதிவேட்டை எடுத்துப் பையில் வைத்தேன். வெளியே எடுத்தேன். மறுபடி வைத்தேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. நல்ல வேளை.

செப்டம்பர் 1, வெள்ளி

நடந்ததை வரிசையாக எழுதவேண்டும். நாளைக்கு மற்றவர்கள் ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள்.

பள்ளிக்கூடத்து வராந்தாவில் மேசை போட்டிருந்தார்கள். ஆர்.டி.ஓ. ஒரு இளம் பெண். முன்னால் ஊர்க்காரர்கள் நூறு பேர் தரையில். பண்ணை தரப்பில் அவர்களுடைய ஆலோசகர் என்று ஒருவர் வந்திருந்தார், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கையில் எங்கள் அறிக்கைக் கட்டு. எனக்குக் கடைசி நாற்காலி.

ஆலோசகர் மிக மரியாதையாகப் பேசினார். "எழுபத்திரண்டு மாதம், அரசாங்கமே நியமித்த ஆய்வகம், ஒரு முறைகூட வரம்பு மீறவில்லை. கடைசியாக ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. தனி மாதிரி என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள்" என்றார். அதுவரை நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்கவும் மாட்டேனோ என்னவோ. அதற்குமேல் அவர் ஒன்று சொன்னார்.

"மேடம், இந்தப் பெண்கள் அந்த இடத்துலதான் துணி துவைக்கிறாங்க, மாடு குளிப்பாட்டுறாங்க. சுத்தம் பத்தி விழிப்புணர்வு இல்ல. புண்ணு வர்றதுக்குத் தண்ணிதான் காரணம்னு எப்படிச் சொல்றது? அவங்க பழக்கம்தான் காரணம்."

காத்தாயி எழுந்தாள். பேச வாயெடுத்தாள். "ஆதாரம் இருந்தால் மட்டும் பேசுங்க" என்று ஒரு கிளார்க் அவளை உட்காரச் சொன்னார். அவள் தன் கைகளைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். ஆதாரம் என் பையில் இருந்தது.

பயத்தில் பாதி, கோபத்தில் பாதி. எழுந்துவிட்டேன்.

"மேடம், அந்த எழுபத்திரண்டும் பொய்," என்றேன்.

ஆர்.டி.ஓ. என்னைப் பார்த்தார். "நீங்க யாரு?"

"அதுல கையெழுத்துப் போட்டவ. பகுப்பாய்வாளர் மங்கையர்க்கரசி. ஏழாம் இடம்னு எழுதின எந்தத் தண்ணியும் ஏழாம் இடத்துத் தண்ணி இல்ல. ஜீப் போற பாலத்துலேந்து மொண்டது. வடிகால் சேர்றதுக்கு மேல. அங்க தண்ணி எப்பவும் நல்லாத்தான் இருக்கும். அந்த எழுபத்தி மூணாவதுதான் நெசம். அத எடுக்க மட்டும்தான் நான் நடந்து போனேன்."

ஆலோசகர் சிரித்தார். "அப்ப பொய் சொன்னீங்க, இப்ப உண்மை பேசுறீங்களா? இல்ல அப்ப உண்மை, இப்ப பொய்யா? எத நம்புறது?"

"என்ன நம்பாதீங்க. இத நம்புங்க," என்று பதிவேட்டை மேசையில் வைத்தேன். "வெப்பநிலை வரிசையப் பாருங்க மேடம். ஆறு வருசமும் ஒரே சூடு. தெர்மாமீட்டரே கிடையாது. முந்தின நாளே வீட்ல உக்காந்து எழுதினது. அம்மை போட்டு நான் படுத்திருந்த மாசத்துக்கும் எழுதியிருக்கன். ஆஸ்பத்திரிச் சீட்டு இருக்கு, வேணும்னா தர்றன்."

அந்த அம்மா ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். ஆலோசகர் எதையோ சொல்ல ஆரம்பித்தபோது கையை உயர்த்தி நிறுத்தினார்.

"இதுக்கு என்ன விளைவுன்னு உங்களுக்குத் தெரியும்ல?" என்று என்னிடம் கேட்டார்.

"தெரியும். எழுதிக்குங்க."

எழுபத்திரண்டு அறிக்கையையும் கணக்கில் எடுக்கக்கூடாது என்று உத்தரவு எழுதினார். விரிவாக்கத்துக்குத் தடை. இனி மூன்று மாதம் வேறு ஆய்வகம், ஊர்க்காரர்கள் கூட வர, வடிகாலுக்குக் கீழே நின்று எடுக்கவேண்டும். கைதட்டினார்கள். எனக்கு இல்லை, அந்த அம்மாவுக்கு.

வெளியே வந்தபோது காத்தாயி ஜீப்பருகில் நின்றாள். நன்றி சொல்லத்தான் நிற்கிறாள் என்று நினைத்தேன். என் புத்தி அப்படி.

"லேபுன்னு சொன்னியே, அது நீதானா."

முதல் முறையாக என்னை நீ என்றாள். "ஆமா," என்றேன்.

"எம் புள்ள அந்தக் கொளத்துலதான் குளிச்சு வளந்துச்சு. ஆறு வருசம்."

"தெரியுங்க்கா."

"தெரியாது ஒனக்கு. தெரிஞ்சிருந்தா அன்னிக்கே நடந்திருப்ப." நான் ஜீப் கதவைத் திறந்தேன். "பன்னெண்டு எடத்துல மொள்ளுறன்னு சவரிமுத்து சொன்னாரு. ஏழு எங்களுது. மத்ததெல்லாம் நெசமா?"

நேரமாகிவிட்டது என்று சொல்லி ஏறிவிட்டேன்.

செப்டம்பர் 2, சனி

அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "சாப்பிட்டியா?" என்றார். அழுதுவிட்டேன். எனக்கே பிடிக்கவில்லை.

செப்டம்பர் 4, திங்கள்

முதல் திங்கள். ரவுண்டுக்கு என்னை அனுப்பவில்லை. லேபிளும் வேறு ஆள் எழுதியது. பார்க்கச் சகிக்கவில்லை.

செப்டம்பர் 5, செவ்வாய்

மெமோ வந்தது. ஏழாம் இடத்தில் மாதிரி எடுக்காமல் எடுத்ததாகப் பதிவு செய்ததற்கு ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது, மூன்று நாளில் விளக்கம் தரவும்.

குணசீலன் சார் கூப்பிட்டார். அவர் முகம் வாடிப்போயிருந்தது. "எழுதற பதில்ல ஒரு வரி சேத்துக்குங்கம்மா. ஒரு இடத்தில் மட்டும், பாதை வசதி இன்மையால்னு. அந்த 'மட்டும்' இருந்தா போதும், எச்சரிக்கையோட முடிச்சுக் குடுத்துடலாம்னு மேல பேசியிருக்கேன். உங்களுக்கும் நல்லது, எல்லாருக்கும் நல்லது."

"வேற யாரும் கேக்கலயா சார்?"

"எத?"

"ஒண்ணும் இல்ல சார்," என்று வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து பதிலை எழுத உட்கார்ந்தேன். 'மட்டும்' வரை எழுதினேன். அந்த ஒரு வார்த்தையில் ஒன்பதாம் இடம் உட்கார்ந்திருக்கிறது, பதினொன்றாம் இடம் உட்கார்ந்திருக்கிறது. இத்தனை பக்கம் இந்த டைரியில் எழுதினேனே, அந்த இரண்டு எண்ணையும் ஒரு இடத்திலாவது எழுதினேனா? என்னிடமே நான் சொல்லவில்லை. காத்தாயிதான் கேட்டாள். அவளுக்கு ஜீப்பில் ஏறிக்கொண்டு பதில் சொன்னவள் நான்.

காகிதத்தைக் கிழித்துப் போட்டேன்.

செப்டம்பர் 6, புதன்

பதிலைப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். லேபுக்கு ஒன்று, ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு ஒன்று. யாரிடமும் காட்டவில்லை. நகலை இங்கே எழுதி வைக்கிறேன்.

"மெமோ கிடைத்தது. நடவடிக்கை எடுக்கலாம், ஆட்சேபம் இல்லை. ஆனால் மெமோவில் ஒரு தவறு உள்ளது. ஏழாம் இடத்தில் மட்டும் அல்ல. ஒன்பதாம் இடத்துக்குப் படகில் போகவேண்டும். நான் ஆறு வருடத்தில் ஒருமுறைகூடப் படகில் ஏறியதில்லை. பதினொன்றாம் இடத்துக்கு உப்பளத்தின் வழியே இரண்டு கிலோமீட்டர் நடக்கவேண்டும், நடந்ததில்லை. இரண்டுக்கும் எட்டாம் இடத்து மதகில் மொண்ட தண்ணீரையே பகிர்ந்து ஊற்றி எண் ஒட்டினேன். அந்த இரண்டு இடத்துத் தண்ணீரும் எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது. ஒன்பதை அடுத்து நூற்றுப் பத்து வீடுகள் கொண்ட மீனவர் குடியிருப்பு. பதினொன்றின் கரையில் உப்பளத் தொழிலாளர் தெரு ஒன்று. அங்கிருந்து இதுவரை யாரும் மனு கொடுக்கவில்லை. தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று நான் எழுதியதை அவர்கள் நம்பியிருக்கலாம். ஆகவே அவர்களுக்காக இந்தப் பதிலையே மனுவாக எடுத்துக்கொள்ளவும். மனுதாரர், ம. மங்கையர்க்கரசி."